800 கலோரியில் ஒரு நாள்

போன வாரம் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். வருகிற தை மாதம் அவளுக்குக் கல்யாணம். இரவு எல்லோரும் தோசைக்கு உட்கார்ந்தபோது அவள் மட்டும் ஒரு தட்டில் வெள்ளரிக்காய் நறுக்கி எடுத்து வந்தாள். "800 கலோரிக்கு மேல போகக்கூடாது சித்தி, இப்பவே 650 ஆயிடுச்சு" என்றாள், போனைப் பார்த்தபடியே. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் நானும் இதே எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் எடை 74 கிலோ. காலையில் இரண்டு இட்லி, சட்னி கிடையாது. மதியம் ஒரு கரண்டி சோறு, பொரியல், மோர். இரவு ஒரு சப்பாத்தி, இல்லையென்றால் கொஞ்சம் பப்பாளி. முதல் மாதமே ஐந்து கிலோ இறங்கியது. பார்த்தவர்களெல்லாம் "நல்லா இளைச்சிட்டியே, என்ன பண்றே?" என்று கேட்டார்கள். அதைக் கேட்கிற சந்தோஷத்தில் பசியைத் தள்ளிவைக்க முடிந்தது. மூன்றாவது மாதம் தலை வாரினால் சீப்பு முழுக்க முடி. சித்திரை வெயிலிலும் கை கால் சில்லிட்டுக் கிடந்தது. இரண்டு மாதம் மாதவிடாய் வரவில்லை. பிள்ளைகள் தண்ணீர் கேட்டால்கூட எரிந்து விழுந்தேன். அப்புறம் ஒரு ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு, அடுக்களையில் நின்றபடியே ஒரு டப்பா முறுக்கைத் தின்று தீர்த்துவிட்டு அழுதேன். எனக்கு மன உறுதி இல்லை என்றே நம்பினேன்.

அந்த நம்பிக்கையை உடைத்தது 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு. போரில் பட்டினியால் நலிந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிய ஆன்சல் கீஸ் என்பவர் நடத்தியது. மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் நன்றாக இருக்கிறதா என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் அவர்களுக்கு வழக்கமான சாப்பாட்டில் ஏறக்குறைய பாதிதான். ரொட்டி, உருளைக்கிழங்கு, டர்னிப் கிழங்கு என்று நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. எடையில் கால் பங்கு போனது. கோடையிலும் குளிர்ந்தது. எதிலும் நாட்டமில்லாமல் சமையல் புத்தகங்களையே புரட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் கட்டுப்பாட்டை மீறித் திருட்டுத்தனமாகத் தின்றார்கள். படித்தபோது என் முறுக்கு டப்பாதான் கண்முன் வந்தது.

ஆண்களுக்குத் தேவை அதிகம், அவர்கள் கணக்கை நமக்குப் பொருத்தலாமா என்று கேட்கலாம். சரி, நம் கணக்கையே பார்ப்போம். அதிகம் ஓடியாடாத, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 1,660 கலோரி தேவை என்கிறது 2020இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 800 என்பது அதில் பாதிகூட இல்லை. 74 கிலோவில் நான் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் ஓட 1,300க்கு மேல் வேண்டியிருந்தது. வீட்டு வேலையும் பஸ் பயணமும் தனி.

'ரொம்பக் குறைவாகச் சாப்பிட்டால் எடையே குறையாது' என்றும் நிறையப் பேர் எழுதுகிறார்கள். அது சரியில்லை, குறையத்தான் செய்யும். ஆனால் கொழுப்போடு தசையும் கரையும், உடலும் செலவைச் சுருக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டிக்காக மிக வேகமாக இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்த முடிவுகள் 2016இல் வந்தன. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஆனாலும் ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடல் எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

மருத்துவர்களே 800 கலோரி உணவு தருகிறார்களே என்றால், ஆமாம், உடல் பருமன் அதிகமுள்ள சிலருக்குத் தருகிறார்கள். புரதமும் சத்துகளும் அளந்து சேர்த்து, சில வாரங்களுக்கு, அவர்களுடைய கண்காணிப்பில். போன் ஆப்பைப் பார்த்து நாமாக வெள்ளரிக்காய் தின்பது வேறு.

நான் இப்போது 1,500ஐ ஒட்டிச் சாப்பிடுகிறேன். முட்டை, சுண்டல், மீன், பாசிப்பயறு என்று ஏதாவது ஒன்று வேளைக்கு வேளை தட்டில் இருக்கும். இரண்டு வருடத்தில் 67 கிலோவுக்கு வந்திருக்கிறேன். முடியும் வளர்ந்துவிட்டது, மாதவிடாயும் சீரானது.

இதையெல்லாம் மறுநாள் காலை அவளிடம் சொன்னேன். பாதி கேட்டாள். "ஜாக்கெட் அளவு கொடுக்கிறதுக்குள்ள இன்னும் மூணு கிலோ குறைக்கணும் சித்தி, அம்மா சொல்லிட்டாங்க" என்றாள். உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். பிள்ளையைப் பட்டினி போட்டு ஜாக்கெட் தைக்க வேண்டாம், இப்போது இருக்கிற அளவுக்கே தைக்கக் கொடு, வேண்டுமானால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ள டெய்லரிடம் உள்ளே கூடுதலாகத் துணி விடச் சொல் என்றேன்.