புது மெஷினில் ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தீர்களா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில், கணக்கு சாஃப்ட்வேருக்கு அப்டேட் போட்டதும் கணக்கெல்லாம் காணாமல் போன விவகாரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. ஆனால் அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் நேற்று போட்ட விளக்கத்தைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கஸ்டமர் தெரியாமல் டேட்டாவை அழித்துவிட்டாராம், லோக்கல் சர்வீஸ் ஆளும் சரியாக இன்ஸ்டால் செய்யவில்லையாம். அந்த லோக்கல் சர்வீஸ் ஆள் நான்தான். வணக்கம்.

நான் செய்தது இவ்வளவுதான்: நீங்கள் அனுப்பிய அப்டேட்டைத் திறந்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். நெக்ஸ்ட் பட்டனைச் சரியாக அழுத்துவதற்கு ஏதாவது பயிற்சி வகுப்பு நடத்தினால் சொல்லுங்கள், ஃபீஸ் கட்டிச் சேர்ந்துகொள்கிறேன்.

டேட்டா அழியவே இல்லை, அதுதான் கூத்து. உங்கள் புரோகிராம் கணக்கு ஃபைலை, புரோகிராம்களை மட்டும் வைக்க வேண்டிய புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கிறது. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்த நாளிலிருந்து, அட்மின் (நிர்வாகி) உரிமை இல்லாமல் ஓடும் புரோகிராம் அங்கே எழுத முடியாது. பழைய புரோகிராம்கள் படுத்துவிடக் கூடாதே என்று விண்டோஸே அதைச் சத்தமில்லாமல் அந்த யூசருக்கென்று தனியாக இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். கொலுசு செய்ய எந்த வீட்டுக்கு எத்தனை கிராம் வெள்ளி போனது, கொலுசாக எவ்வளவு திரும்பியது, சேதாரம் எவ்வளவு என்று பட்டறைக் கணக்கு முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தது. புது அப்டேட், புரோகிராமை அட்மினாக ஓடும்படி மாற்றிவிட்டது. அட்மினாக ஓடினால் அந்தத் திருப்பிவிடும் வேலை நடக்காது, நேராகப் புரோகிராம் ஃபைல்ஸில் போய்ப் பார்க்கும். அங்கே இருந்தது முதல் நாள் நீங்கள் போட்டுக்கொடுத்த காலி ஃபைல். "என்ன தம்பி, வெறுசா இருக்குது" என்று ஓனர் கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்தது நான், நீங்கள் இல்லை. தேடி எடுத்து உரிய இடத்தில் வைத்ததும் கணக்கெல்லாம் வந்துவிட்டது. அதைப் பற்றி உங்கள் விளக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. பரவாயில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். புது மெஷினில் போட்டுப் பார்த்தீர்களா? உங்கள் ஆபீஸில் எல்லாரும் அட்மின், புரோகிராம் ஓடத் தேவையான ரன்டைம் என்ற துணை ஃபைல்கள் எல்லாம் எப்போதோ ஏறியிருக்கும், அங்கே ஓடுவது ஒரு சோதனையே இல்லை. பழைய வெர்ஷனும் ஒரு வருடக் கணக்கும் உள்ள மெஷினில், அட்மின் அல்லாத யூசரில் போட்டுப் பார்த்தீர்களா? யூசர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால்? பாதியில் கரண்ட் போனால்?

கரண்ட் என்றதும் ஏற்காடு ஞாபகம் வருகிறது. ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ், பழம் பறிக்கிற சீசன், எடைக்கணக்குப் பார்த்து ஆட்களுக்குக் கூலி போட வேண்டிய நாள். புரோகிராமை மெஷினில் ஏற்ற வந்த இன்ஸ்டாலரோ சின்ன ஃபைல், மீதியை நெட்டில் இறக்கிக்கொள்ளுமாம். மலை மேல் நெட் எப்படியென்று அங்கே ஒரு நாள் இருந்தவருக்குத் தெரியும். பாதி இறங்கி நின்றது, கரண்டும் போனது, திரும்ப வந்தபோது பழைய வெர்ஷனும் ஓடவில்லை, புதியதும் ஓடவில்லை. முதலில் எல்லாவற்றையும் இறக்கிச் சரிபார்த்துவிட்டு அப்புறம் பழையதைத் தொடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திரும்பும் ரோல்பேக் வசதி, 1999இல் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2000 உடன் வந்த விண்டோஸ் இன்ஸ்டாலரிலேயே உண்டு. நீங்களாக எழுதிச் சேர்க்கும் ஸ்கிரிப்ட்டை மட்டும் அது தானாகத் திருப்பாது, திருப்புகிற வேலையையும் நீங்களே எழுதவேண்டும். யார் எழுதுகிறார்கள்! அன்றைக்குக் கூலியை நோட்டில் கையால் எழுதித்தான் கொடுத்தார்கள்.

"சின்ன கம்பெனி, டெஸ்ட் செய்ய ஆள் ஏது" என்பீர்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். சுத்தமான விண்டோஸை அதில் ஏற்றி அந்த நிலையை அப்படியே ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைத்தால், கெடுத்துவிட்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பலாம். 2019இலிருந்து விண்டோஸ் 10 புரோவிலேயே சாண்ட்பாக்ஸ் என்ற தற்காலிக விண்டோஸ் இருக்கிறது, மூடினால் எல்லாம் துடைத்துப் போய்விடும். இதற்கு ஆள் வேண்டாம், மனசு வேண்டும்.

"பேக்கப் ஏன் எடுக்கவில்லை?" எடுத்தார்களே! உங்கள் பேக்கப் பட்டனை அழுத்தித்தான் எடுத்தார்கள். அதை ரீஸ்டோர் செய்தால் வெர்ஷன் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு நிற்கிறது. அதற்கும் லோக்கல் ஆள்தான் காரணமோ?

"எல்லாம் பிரவுசருக்கு வந்தாச்சு, இன்னும் இன்ஸ்டாலரா" என்பவர்கள் மேலே ஏற்காடு பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

கோபம் இன்ஸ்டாலர் மேல்கூட இல்லை. தப்பு நடக்கும், எந்த சாஃப்ட்வேரிலும் நடக்கும். "எங்கள் அப்டேட்டில் பிரச்சினை, சரிசெய்கிறோம்" என்று ஒரு வரி போட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ராத்திரி நேரத்தில் கடைக்காரர் கூப்பிடுவது என் நம்பரை, உங்கள் ஹெல்ப்லைனை இல்லை. உங்கள் சாஃப்ட்வேரை நல்லது என்று சொல்லி இந்த ஊரில் விற்றுக்கொடுத்ததும் என் போன்றவர்கள்தான்.

இன்று காலையில் லீ பஜார் மண்டிக்காரர் ஒருவர் போன் செய்தார். உங்கள் விளக்கத்தைப் படித்தாராம், வருட சர்வீஸை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன் தம்பி, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் கடையில் இருப்பதும் உங்கள் சாஃப்ட்வேர்தான், அந்த அப்டேட் இன்னும் போடவில்லை. போடுவதற்கு முன்னால் விர்ச்சுவல்ஸ்டோரைப் பார்த்துக் காப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி அந்தப் புது ஆளுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன்.