சீனி வரியில் போன பணத்துக்கு யார் பொறுப்பு?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையொன்றில் சவர்க்காரமும் பற்பசையும் வாங்கினேன். பற்றுச்சீட்டில் 18 சதவீத வற் வரி (பெறுமதி சேர் வரி) சதக்கணக்குவரை தெளிவாக அச்சாகியிருந்தது. அந்தக் கடையின் வற் பதிவு இலக்கம் மட்டும் எங்கும் இல்லை. காசாளரிடம் கேட்டபோது, அப்படியொன்று தங்கள் சீட்டில் வருவதில்லை என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். பதிவு செய்யாத வணிகர் வற் வரி அறவிடவே சட்டத்தில் இடமில்லை. ஆனால் நான் கொடுத்த பணம் திறைசேரிக்குப் போய்ச் சேர்கிறதா, கடைக்காரரின் பெட்டியிலேயே தங்கிவிடுகிறதா என்று அறிய, கொடுத்த எனக்கே வழியில்லை.

இந்த 18 சதவீதம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 2019 டிசம்பரில் இதே வரியை 15 இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். அரசின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8 சதவீதத்துக்குச் சரிந்தது. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று நாடே அறிவிக்க வேண்டிவந்தது. பிறகு வற் வரி அதே ஆண்டில் 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த சமையல் எரிவாயுவும் எரிபொருளும் புத்தகமும்கூட அன்று வரிக்குள் வந்தன. புத்தகத்துக்கு வரி போட்டுக் கடனை அடைக்க நினைத்ததை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. செல்வந்தர் வாழும் கறுவாத்தோட்டத்தில் வசிப்பவரும் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளியும் ஒரு சவர்க்காரக் கட்டிக்கு ஒரே வரியைத்தான் செலுத்துகிறார்கள். அந்தத் தொழிலாளிக்கோ அது அன்றைய கூலியில் விழும் வெட்டு.

பணம் வேண்டும், நாடு கடனில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. எடுக்கும்போது சதத்தையும் விடாத அரசு, இழக்கும்போது கோடிக்கணக்கில் இழந்துவிட்டு ஒருவரையும் கேள்வி கேட்காமல் இருப்பதுதான் என் வயிற்றை எரிக்கிறது.

சீனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில், இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாயாக இருந்த விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்னும் இறக்குமதி வரியை ஒரு வர்த்தமானி அறிவித்தலின் மூலம் 25 சதமாக்கினார்கள். மக்களுக்குச் சீனி மலிவாகக் கிடைக்கும் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆனால் கடைகளில் விலை அந்த அளவுக்கு இறங்கவேயில்லை. அடுத்த ஆண்டே கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அரசு இழந்த வருமானம் 15 பில்லியன் ரூபாய்க்கும் அதிகமென்று கணக்கிடப்பட்டது. வரி குறைந்த பயன் தேநீர் குடிப்பவருக்கு வரவில்லை, திறைசேரிக்கும் வரவில்லை என்றால், இடையில் இருந்த இறக்குமதியாளர்களைத் தவிர வேறு யாருக்குப் போயிருக்கும்? 2023 நவம்பரில் 50 ரூபாய் வரி மீண்டும் வந்தபோதோ, அதன் சுமை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் நம் தலையில் இறங்கியது.

பொது நிதிமீது பாராளுமன்றத்துக்கு முழுக் கட்டுப்பாடு உண்டென்று அரசியலமைப்பின் 148 ஆவது உறுப்புரை சொல்கிறது. கணக்காய்வாளர் நாயகம் ஆண்டுதோறும் அறிக்கை தருகிறார். அரச நிறுவனங்களை ஆராயும் பாராளுமன்றக் குழுவான கோப் குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கிறது. அந்தக் காட்சிகளை நாமும் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறுகிறோம். அரசுக்கு நட்டம் விளைவித்த அதிகாரியிடமிருந்தே அந்த நட்டத்தை அறவிடுவதற்கு 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தில் வழியிருக்கிறது. சட்டம் இருந்தும், சீனியில் போன பணத்துக்கு ஈடாக யாருடைய சம்பளத்தில், யாருடைய சொத்தில் கைவைத்தார்கள்?

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், பொருளாதாரச் சீரழிவுக்குக் காரணமாகி மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறியவர்கள் என்று முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ உள்ளிட்டோரைப் பெயர் சொல்லித் தீர்ப்பளித்தது. 2019 இன் வரிக்குறைப்பும் அந்த வழக்கில் பேசப்பட்டது. மனுதாரருக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபாய் வழங்கும்படி கட்டளையிடப்பட்டதே தவிர, நாடு இழந்த பணத்தில் ஒரு ரூபாயாவது அவர்களிடமிருந்து திரும்ப அறவிடப்படவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பும் பணம் இன்றும் எரிவாயுச் சிலிண்டரிலும் பேருந்துக் கட்டணத்திலும் பிள்ளையின் புத்தகத்திலும் இருந்துதான் எடுக்கப்படுகிறது.