புள்ளியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

ஒயின் வாங்க 100க்கு எத்தனை புள்ளி என்று பார்த்தாலே போதும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பரப்பிய அந்த அளவுகோல் 50ல்தான் தொடங்குகிறது. பிரிட்டன் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் 20க்குத்தான் புள்ளி போடுகிறார். நிபுணர்களின் எதிர்பார்ப்பும் பொய்க்கும்: 1976ல் பாரிஸில் பிரெஞ்சு ஒயின்களையும் கலிபோர்னியா ஒயின்களையும் பெயரை மறைத்து ருசி பார்க்க வைத்தபோது, பிரெஞ்சு நடுவர்களே சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிபோர்னியா ஒயினுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள்.

எந்த வருட அறுவடை, எப்போது திறந்தார், திறந்து எவ்வளவு நேரம் கழித்துக் குடித்தார் என்று எழுதுகிறவரைத்தான் நான் நம்புவேன். ஒருமுறை நல்ல புள்ளி வாங்கிய பாட்டில் ஒன்றைத் திறந்தேன். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை! எனக்குத்தான் ருசி தெரியவில்லை போலிருக்கிறது என்று மனசு வாடிப்போனது. அப்புறம் அனுபவமுள்ள ஒருவர் விளக்கினார்: அது பாட்டிலின் கார்க் மூடி வழியாக வரும் டிசிஏ என்ற சேர்மத்தின் வேலை, கிளாஸில் எவ்வளவு சுழற்றினாலும் போகாது, குறை உங்கள் நாக்கில் இல்லை என்று. எந்தப் புள்ளி இதைச் சொல்லும்? இப்படிப் பொறுமையாகச் சொல்லித்தருகிறவர்கள் நாலு பேர் கிடைத்தால் விடாதீர்கள். அவர்களில் யாருடைய ருசி உங்களோடு ஒத்துப்போகிறது என்பது ஐந்தாறு பாட்டிலுக்குள் பிடிபட்டுவிடும்.