பணமும் கட்டணும், வேவும் பார்ப்பாங்களா?

இணைய இணைப்புக்கு மாசாமாசம் சுளையாப் பணம் கட்டுறோம். அது போதாதுன்னு, இணைப்பு கொடுக்கிற நிறுவனம் நாம எந்தெந்தத் தளத்துக்குப் போறோம்னு குறிச்சு வச்சு அதையும் விளம்பரக்காரங்களுக்குக் காசாக்கணுமா? வயிறு எரியுது. ஒரு தளம் பிடிக்கலைன்னா மூடிட்டுப் போயிடலாம். இணைப்பு கொடுக்கிறவங்ககிட்ட இருந்து எங்க ஓடுறது? முகவரிப் பட்டையில பாதுகாப்பான இணைப்புன்னு காட்டுற பூட்டுக் குறி இருந்தாலும் தளத்தோட பேரு பெரும்பாலும் அவங்களுக்குத் தெரிஞ்சிடும். நடுராத்திரியில பயந்துபோய் ஒரு புற்றுநோய்த் தளத்தைத் திறந்தா, அதுவும் கணக்குல ஏறும்.

பிரிட்டன்ல பிடி (BT)ங்கிற இணைய இணைப்பு நிறுவனம் 2006, 2007-ல வாடிக்கையாளர்கிட்ட சொல்லாமலே, விளம்பரத்துக்காக இப்படி வேவு பார்க்கிறதைச் சோதிச்சுப் பார்த்துச்சு. விஷயம் வெளிய வந்து ஜனங்க கொதிச்ச பிறகு, 2009-ல ஒதுங்கிக்கிச்சு. அமெரிக்காவுல, இந்த மாதிரித் தகவலைப் பயன்படுத்த இணைப்பு நிறுவனங்க முன்கூட்டியே சம்மதம் வாங்கணும்ங்கிற விதியை அமலுக்கு வர்றதுக்குள்ளயே 2017-ல ரத்து பண்ணிட்டாங்க.

"வேண்டாம்னா நீங்களே நிறுத்திக்கலாம்"னு எங்கேயோ ஒரு மூலையில பட்டன் வைக்கிறது சம்மதம் ஆகாது. முதல்ல கேளுங்க. நாங்க சரின்னு சொன்னா மட்டும் தொடுங்க.