சிலந்தியை நேசிக்க வேண்டாம், விட்டுவைத்தால் போதும்

யானைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் பரிந்து பேச இங்கே ஆட்களுக்குக் குறைவில்லை. வேலியை முறித்து வந்து நெல் மூட்டையைச் சிதறடித்துவிட்டுப் போன யானைக்குக்கூட மறுநாளே முகநூலில் நாலு சட்டத்தரணிகள் கிடைத்துவிடுகிறார்கள். சிலந்திக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பல்லி கொஞ்சம் கெட்டிக்காரப் பிராணி. சகுனம் சொல்லியே பிழைத்துக்கொண்டது.

இப்போது சிலந்தி, குளவி, மரவட்டை என்று முகம் சுளிக்கவைக்கும் உயிர்களை மிக அருகில் வைத்து எடுத்த படங்கள் நிறையப் பகிரப்படுகின்றன. ‘இவற்றையும் நேசியுங்கள்’ என்று கீழே எழுதுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வட்டையில் (வயல்வெளியில்) மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து நிற்கிறவர் அருவருப்பினால் மருந்தடிக்கவில்லை. பயத்தினால் அடிக்கிறார். விதைநெல் கடன், உரம் கடன், உழவுக் கூலி கடன். வேளாண்மை வெட்டித்தான் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். பக்கத்து வரவைக்காரர் (வரவை என்றால் வரம்பு கட்டிய வயல் துண்டு) அடித்துவிட்டால், அங்கிருந்து கிளம்பும் பூச்சியெல்லாம் தன் வரவையில் வந்து இறங்கும் என்ற பயம் வேறு. அந்தப் பயத்தோடு அவர் போய் நிற்பது கடை வாசலில். நோய் சொல்கிறவரும் மருந்து விற்கிறவரும் அங்கே ஒரே ஆள்.

அறக்கொட்டி என்ற கபிலநிறத் தத்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லின் அடித்தண்டில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். பெருகிவிட்டால் வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோகும். அது முட்டையிடுவது இலையுறையின் உள்ளே. மேலே தெளிக்கும் மருந்து பெரும்பாலும் அந்த முட்டையைத் தொடுவதில்லை. வெளியில் இருக்கும் பூச்சி சாகிறது; அதைத் தின்னும் சிலந்தியும் கூடவே சாகிறது. ஒரு வாரம், பத்து நாளில் முட்டை பொரித்துக் குஞ்சு வெளியே வரும்போது தின்ன ஆள் இல்லை. மருந்தடித்த வயலிலேயே அறக்கொட்டி மறுபடி கொட்டுவது இதனால்தான். அளவுக்கு மீறி யூரியா போட்ட வயலென்றால் அதற்கு விருந்து.

வரம்போரத்தில் வலை பின்னாமல் ஓடித் திரியும் பழுப்புச் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் கவை போல ஒரு கோடு இருக்கும். தாய்ச் சிலந்தி குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டே திரியும். ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சிவரை தின்னும். இலையுறைக்குள் இருக்கும் முட்டையை உறிஞ்சிக் குடிக்கவும் பச்சை நிறத்தில் சிறு நாவாய்ப்பூச்சி ஒன்று இருக்கிறது. அதையும் அறக்கொட்டி என்று நினைத்து அடிப்பவர்கள் உண்டு. கூலி கேட்காத இந்த வேலையாட்களைக் காசு கொடுத்துக் கொல்கிறோம்.

இத்தனைக்கும் சிலந்தி நமக்கு அந்நியமில்லை. காளத்தியில் சிவனை வழிபட்ட சிலந்தியின் கதை கோவிலில் சொல்லப்படுகிறது. குர்ஆனின் 29ஆவது அத்தியாயத்துக்குச் சிலந்தியின் பெயர்தான். நபிகள் நாயகம் ஒளிந்திருந்த தவ்ர் குகையின் வாசலில் அது வலை பின்னிய கதையைச் சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கோவிலிலும் பள்ளிவாசலிலும் இடம் கிடைத்த உயிருக்கு வரம்பில் மட்டும் இடமில்லை!

1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு அடிக்கும் 57 கிருமிநாசினிகளை ஒரே ஆணையில் தடைசெய்தது. அறக்கொட்டி அங்கே படுத்திய பாடு அப்படி. எனக்கு அதைவிடப் பிடித்தது 1990களில் வியட்நாமின் மீகொங் கழிமுகத்தில் செய்தது. விதைத்து முதல் 40 நாட்களுக்குப் பூச்சிமருந்து வேண்டாம், நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் வயலில் ஒரு மூலையை மட்டும் விட்டுப் பாருங்கள் என்றார்கள். இலைச் சுருட்டிப் புழு தின்ற இளம்பயிர் தானாகவே தேறிவிடும் என்பதை வானொலியில் வேடிக்கை நாடகமாகப் போட்டார்கள். மருந்தடிக்கும் தடவைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. பூச்சியை நேசிக்கும்படி அங்கே யாரும் கேட்கவில்லை. இவ்வளவு கூத்துக் களரிகளை வைத்துக்கொண்டிருக்கும் நாம் இதற்கொரு கூத்து ஆடினால் என்ன குறைந்துவிடும்?

மாதச் சம்பளம் வாங்குகிற நான், குத்தகைக்கு வயல் செய்கிறவரைப் பார்த்து ‘நாற்பது நாள் பொறு’ என்பது லேசு. நட்டம் வந்தால் என் சோற்றில் கை வைக்காது. அதனால் புத்தி சொல்வதோடு நிறுத்த முடியாது. ஒவ்வொரு வயற்கண்டத்திலும் ஒரு வரவை முதல் 40 நாள் மருந்தில்லாமல் இருக்கட்டும். விவசாயப் போதனாசிரியர் வாரம் ஒருமுறை அந்த வரம்பில் இறங்கி, அடித்தண்டைப் பிரித்து, அறக்கொட்டி எத்தனை, சிலந்தி எத்தனை என்று எல்லோர் முன்னாலும் எண்ணட்டும். விளைச்சல் குறைந்தால் ஈடுசெய்யும் பொறுப்பைக் காப்புறுதி ஏற்கட்டும். பூச்சி கைமீறிப் பெருகினால் மருந்தடிக்கலாம். அதையும் எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீர் திறக்கும் திகதியும் விதைப்புத் திகதியும் தீர்மானிக்கும் ஆரம்பக் கூட்டத்திலேயே இதையும் பேசலாம். இந்தப் பெரும்போகக் கூட்டத்தில் நான் எழுந்து கேட்கப் போகிறேன். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைக் கவனிக்கும் படுவான்கரை வட்டவிதானைமார் யாராவது இதைப் படித்தால் வழிமொழிய ஒருவர் வாருங்கள். தனியாளாக நின்றால் சிரித்தே உட்காரவைத்துவிடுவார்கள்.