1948-க்குப் பிறகும் நகராட்சிகளிடம் சுகாதாரம் இருந்தது

'1948 ஜூலையில் என்எச்எஸ் (அரசின் தேசிய மருத்துவ சேவை) வந்ததும் இங்கிலாந்து நகராட்சிகளின் சுகாதாரத் துறையை இழுத்து மூடிவிட்டார்கள், குப்பை அள்ளுவது மட்டும்தான் மிச்சம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. கையை விட்டுப் போனது மருத்துவமனைகள். நகராட்சி சுகாதார அதிகாரி என்ற மருத்துவர் பதவி 1974 வரை இருந்தது. லிவர்பூலில் 1847-இல் டாக்டர் டங்கனோடு தொடங்கிய பதவி அது.

சால்ஃபோர்டு போன்ற கவுண்டி பரோ, அதாவது கவுண்டி கவுன்சிலின் கீழ் வராத பெரிய நகராட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி, ஆம்புலன்ஸ், தடுப்பூசி எல்லாம் அன்று அந்த நகராட்சியின் பொறுப்பு. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு வந்து தாய்க்கு யோசனை சொல்லும் சுகாதாரப் பார்வையாளரும் நகராட்சி ஆள்தான். சிறிய பரோக்களில் (சிறு நகராட்சிகளில்) இவை கவுண்டி கவுன்சிலுக்குப் போயின. குழப்பம் இங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கேயும் துப்புரவு ஆய்வாளர் நகராட்சியிடமே இருந்தார். பால் மாதிரி எடுப்பது, இறைச்சியைச் சோதிப்பது, எலி ஒழிப்பு, ஒழுகும் கூரைக்கு வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் அவர் தலையில்தான். 1956 தூய காற்றுச் சட்டம் புகைபோக்கிகளையும் அவரிடம் ஒப்படைத்தது.

அப்புறம், 1951 கணக்கெடுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான குடும்பங்களுக்கு வீட்டில் குளியல் தொட்டியே கிடையாது. நகராட்சிப் பொதுக் குளியலறைக்குத்தான் துண்டோடு போக வேண்டியிருந்தது.