வசதி இல்லாமலே ஜெயித்தார்களாம்!

2024ஆம் ஆண்டின் விளையாட்டைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே பல்லவிதான். குக்கிராமத்தில் பிறந்தார், ஷூ வாங்கக் காசில்லை, திறமையை மட்டுமே நம்பினார், உலகத்தையே வென்றார். படிக்கும்போது கண் கலங்கும், உடனே பகிரத் தோன்றும். எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் இந்தக் கதைகளில் நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் ஷமார் ஜோசப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கயானாவில் ஆற்று வழியாகப் படகில் போய்ச் சேர வேண்டிய பராகாரா என்ற ஊர்க்காரர், செக்யூரிட்டி வேலை பார்த்தவர். ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அடிலெய்டில் அவருடைய முதல் டெஸ்ட், வீசிய முதல் பந்திலேயே ஸ்டீவ் ஸ்மித் அவுட். அடுத்த டெஸ்ட் பிரிஸ்பேனில். ஸ்டார்க்கின் யார்க்கர் கால் விரலில் இறங்கி, தாங்கலாக வெளியே கூட்டிப்போனார்கள். மறுநாள் ஆடுவதாகவே இல்லை, அதனால் ஜெர்சிகூட எடுத்து வராமல் மைதானத்துக்கு வந்தவர், கூட இருந்தவரின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு பந்து வீச இறங்கினார். 68 ரன்னுக்கு 7 விக்கெட். கடைசியில் ஹேசல்வுட்டின் ஸ்டம்ப் பறந்தபோது எதிர்முனையில் ஸ்மித் 91 ரன்னோடு நின்றுகொண்டிருந்தார். 8 ரன்னில் வெற்றி, ஆஸ்திரேலிய மண்ணில் வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட் ஜெயித்து 27 வருஷமாகியிருந்தது. வர்ணனை அறையில் பழைய வெஸ்ட் இண்டீஸ் நட்சத்திரம் பிரையன் லாரா அழுததைப் பார்த்து நானும் அழுதேன், அதை மறைக்க மாட்டேன்.

சரி, கிழித்த பக்கம் எது? வெஸ்ட் இண்டீஸ் வீரர் ரொமாரியோ ஷெப்பர்ட் இந்தப் பையனைக் கயானா அணியின் ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்த பக்கம். அது நடந்திராவிட்டால் அதே வேகத்தோடு அவர் இன்னும் யாரோ ஒருவர் வாசலில் காவலுக்கு நின்றுகொண்டிருப்பார்.

ஓட்டக்காரி ஜூலியன் ஆல்ஃப்ரெட் கதையும் இப்படித்தான். பாரிஸ் ஒலிம்பிக்கில் கொட்டும் மழையில் 100 மீட்டரை 10.72 விநாடியில் ஓடி, அமெரிக்காவின் ஷகாரி ரிச்சர்ட்சனைப் பின்னால் விட்டு, மார்பில் குத்தியிருந்த பெயர்த்தாளைப் பிய்த்துக்கொண்டு கத்தினாரே, அவருடைய கரீபியன் தீவு நாடான செயின்ட் லூசியாவின் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தொடாது. அந்த நாட்டுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். வெறுங்காலோடு ஓடிப் பழகினார் என்று எல்லோரும் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் 2009இல் ஒரு மருத்துவமனை தீப்பிடித்ததும் அங்கிருந்த விளையாட்டரங்கத்தையே மருத்துவமனையாக்கி, பதினைந்து வருஷமாகியும் அது அப்படியே கிடந்தது என்பதை எத்தனை பேர் எழுதினார்கள்? 14 வயதில் தனியாக ஜமைக்காவுக்குப் போனார், பிறகு அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகம். வெறுங்கால் தங்கம் வாங்கித் தரவில்லை ஐயா, தடகளப் பாதையும் பயிற்சியாளரும் இருந்த இடத்துக்கு அந்தப் பெண் போய்ச் சேர்ந்ததால்தான் கிடைத்தது.

பாகிஸ்தானின் ஈட்டி எறிதல் வீரர் அர்ஷத் நதீம் கதை இன்னும் மோசம். பாரிஸுக்குச் சில மாதங்கள் முன்புதான், ஏழெட்டு வருஷமாக ஒரே ஈட்டியை வைத்து எறிகிறேன், அதுவும் சேதமாகிவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். நம் நீரஜ் சோப்ராவே இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டுப் பேசினார். ஆகஸ்டில் அதே மனிதர் 92.97 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வாங்க, நீரஜுக்கு 89.45இல் வெள்ளி. அப்புறம் கோடிக்கணக்கில் பரிசு, மாமனார் தந்த எருமை, எல்லாம் வந்தது. ஜெயித்த பிறகு கொட்டியதில் ஒரு துளியை முன்பே ஈட்டி வாங்கக் கொடுத்திருக்கலாம்.

இப்போது நம்ம செஸ் வீரர் குகேஷ். டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம். அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான இடத்தில் வைத்ததும் இவர் கண்கள் விரிந்தது, தண்ணீர் குடித்தது, ஜெயித்த பிறகு அழுதபடியே காய்களைத் திரும்ப அதனதன் கட்டத்தில் அடுக்கியது என்று அத்தனையையும் பார்த்தோம். 18 வயதில் உலக சாம்பியன், 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவின் சாதனை போயிற்று. ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2023 டிசம்பரில், தமிழ்நாடு அரசு அவசரமாக ஒரு சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியை நடத்தியது. அதில் முதலிடம் வந்த புள்ளிகள்தான் குகேஷுக்கு கேண்டிடேட்ஸ் கதவைத் திறந்தன, அதாவது உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் போட்டியின் கதவை. நம்ம பையனுக்காகவே நடத்தினார்கள் என்று அப்போது சிலர் குத்திக் காட்டினார்கள். நடத்தினால் என்ன? அரோனியன் மாதிரி ஆட்கள் ஆடிய போட்டி, யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. ஆனந்தின் வழிகாட்டல், மகனோடு அலைவதற்காகத் தன் மருத்துவத் தொழிலை ஓரம் வைத்த அப்பா, இதெல்லாம் சேர்ந்ததுதான் குகேஷ்.

வழியை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வினேஷ் போகட். 2023இல் பாதி நாள் மல்யுத்த மேடையில் இருக்க வேண்டியவர், பாலியல் புகாருக்கு உள்ளான மல்யுத்த சம்மேளனத் தலைவரை எதிர்த்த போராட்டத்தில் டெல்லி ஜந்தர் மந்தர் நடைபாதையில் படுத்திருந்தார். முழங்கால் அறுவை சிகிச்சை வேறு. 53 கிலோ பிரிவில் இடம் வேறொருவருக்குப் போய்விட்டதால் 50 கிலோவுக்கு உடம்பைச் சுருக்க வேண்டியதாயிற்று. பாரிஸில், வெளிநாட்டு வீராங்கனை எவரிடமும் அதுவரை தோற்காத ஜப்பானின் சுசாகியை வீழ்த்தி இறுதிப் போட்டிக்கும் வந்துவிட்டார். விடிய விடிய எடை குறைத்து, முடியைக்கூட வெட்டியும், காலையில் 100 கிராம் கூட, தகுதி நீக்கம். விதி விதிதான், அதில் எனக்குச் சண்டையில்லை. அவரை 50 கிலோவுக்குத் தள்ளியது எது என்பதுதான் என் கேள்வி.

பார்படாஸில் ஜெயித்த டி20 கோப்பையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். சூர்யகுமார் பிடித்த அந்த கேட்சை நானும் நூறு தடவை பார்த்திருப்பேன். ஆனால் பணமும் மைதானமும் வழிந்து ஓடுகிற ஆட்டம் அது, அந்த வசதியோடுதான் நியூசிலாந்திடம் சொந்த ஊரில் 3-0 என்று உதையும் வாங்கினோம்.

என் பட்டியலில் ஆண்டின் சிறந்த வீரர் ஆல்ஃப்ரெட்தான், குகேஷ் இரண்டாவது. சென்னைக்காரனாக இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம், ஆனால் அந்த 100 மீட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.